பதினேழு நிமிட மூச்சு

இரவு பதினொன்று நாற்பது.

இலுப்பைக்கடவை தாண்டிய நேர்ரோடு. இரண்டு பக்கமும் பற்றைக்காடு. வெளிச்சம் இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. ஒரேயொரு சிவப்புக் கார்... மன்னார்ப் பக்கமாக, நூற்றிருபதுக்கு மேலே.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். எங்கோ யாருக்கோ நடந்த கதை இல்லை இது. இங்கே கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறானே நிப்ராஸ், அவனுடைய மச்சான் ஹலீமுக்கு நடந்தது. பொய்யென்றால் அவனே சொல்லட்டும். பாருங்கள்... வாயைத் திறக்கமாட்டான்.

ஹலீமுக்கு மன்னார் டவுனில் கராஜ். அவனுடைய உயிர்க் கூட்டாளி றெனால்ட், மீன் வியாபாரி. அந்தச் சிவப்புக் கார் றெனால்டுடையது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஜப்பான் கார், இரண்டே கதவு, தரையைத் தடவிக்கொண்டு ஓடும். சைலன்சர் மாற்ற வந்த அன்று ஹலீம் இன்ஜின் மூடியைக் கழற்றிப் பார்த்தான். டைமிங் பெல்ற் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அது அறுந்தால் கார் நின்ற இடத்திலேயே பிணம்.

“மச்சான், முதல்ல இதை மாத்துவம். சைலன்சர் பிறகு.”

“அடுத்த மாசம் பாப்பம்டா. பெல்ற் மாத்தினா ஆருக்குக் கேக்கும்? சைலன்சர் எண்டாத் தாழ்வுபாட்டு ஊர் வரைக்கும் கேக்கும்.”

ஹலீம் சிரித்தான். சிரித்துக்கொண்டே சைலன்சரைப் பூட்டிக் கொடுத்தான்.

மூன்று கிழமை போகவில்லை. இலுப்பைக்கடவையில் றெனால்டின் கொழுந்தியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். விருந்து முடிந்து திரும்பும்போது மனைவி நிறஞ்சலாவுக்கு முட்டு இழுத்து, மூச்சுத் திணறத் தொடங்கியது. சின்ன வயதிலிருந்தே இருக்கிற வருத்தம். நெஞ்சில் தைலத்தைப் பூசிக்கொண்டாள். சீற்றைப் பின்னுக்குச் சாய்த்தாள். கடக்... கடக்... சீற்றின் பூட்டில் இரண்டு பல்லு.

“பயப்பிடாதையுங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போனாச் சரியாயிடும்,” என்று அவள்தான் அவனுக்குத் தைரியம் சொன்னாள்.

அப்போதுதான், பதினொன்று நாற்பதுக்கு, இன்ஜினுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம்.

போனில் சிக்னல் இல்லை. ஒரு வாகனம் வரவில்லை. கார் நின்று பதினேழாவது நிமிடத்தில் அவள் மூச்சும் நின்றது.

றெனால்ட் காரை விற்றுவிடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாளே கயிறு கட்டி இழுத்து வந்து கராஜில் விட்டான். “பெல்ற்றை மாத்து,” என்றான். ஹலீம் புதுப் பெல்ற் போட்டு, வால்வுகளைச் சரிசெய்து கொடுத்தான்.

ஒரு கிழமையில் திரும்பி வந்தான். பெரிய றேடியேற்றர் வேண்டுமாம். பிறகு பிரேக். “டவுனுக்குள்ள கழுதையள் குறுக்க வருது, மச்சான்.” பிறகு அகல ரயர். பிறகு இன்ஜினையே மாற்றச் சொன்னான்.

“என்னடா, ரேஸ் ஓடப்போறியா?” என்று ஹலீம் கேட்டால், பதிலுக்கு மன்னார் வரும் ரோட்டிலுள்ள ஒரு ஊரின் பெயர்தான் வரும்.

“விடத்தல்தீவு வந்திட்டன்.”

அடுத்த மாதம், “பாப்பாமோட்டை.” அதற்குப் பிறகு, “திருக்கேதீஸ்வரம் சந்தி.” பிறகு, “தள்ளாடி.”

ஹலீமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. துக்கத்தில் பிதற்றுகிறான் என்று விட்டுவிட்டான். றெனால்ட் காய்ந்து கருவாடாகிக்கொண்டு போனான். கண் மட்டும் பளபளத்தது. அவள் செத்துப் பத்தாவது மாதம் வந்து ஹலீமின் கையைப் பிடித்தான்.

“மன்னார்ப் பாலத்தில பாதி வந்திட்டன். இன்னும் ரெண்டு நிமிசம், மச்சான். ரெண்டே ரெண்டு நிமிசம் எடுத்துத் தா.”

இன்ஜினில் இனிப் பிழிய ஒன்றுமில்லை. பாரத்தைத்தான் குறைக்கலாம். ஹலீம் பின் சீற்றைக் கழற்றினான். ஸ்பெயர் வீலை எடுத்தான். அடிவிரிப்பை உரித்தான். கடைசியில் முன் இடப்பக்கச் சீற்றைப் பார்த்தான். இனி யார் இருக்கப் போகிறார்கள் அதில்? நாலு திருகாணி. அதையும் கழற்றினான். அடியில் ஒரு துணி முடிச்சு கட்டியிருந்தது. அவிழ்த்தால், மடு மாதா கோவில் மண். வழிக்காவலுக்கு நிறஞ்சலா கட்டியது. ஹலீம் அதைப் பக்குவமாக எடுத்துக் கராஜ் தட்டில் வைத்தான். பாரம் குறைந்ததைப் பார்த்து றெனால்ட் சந்தோஷப்படுவான் என்று நினைத்து, சொல்லாமலே காரைக் கொடுத்தனுப்பினான்.

அன்றிரவு ஒரு மணிக்கு ஹலீமின் கேற்றில் அடி விழுந்தது.

“சீற் எங்கடா?”

றெனால்டின் சேட்டு வியர்வையில் ஒட்டியிருந்தது. அப்படியே படியில் குந்தினான்.

“அந்த இடத்தில, பதினொண்டு நாப்பதுக்கு, சீற் தானாச் சாயும். கடக், கடக் எண்டு. தைலம் மணக்கும். பிறகு அவள் மூச்சு வாங்கத் தொடங்குவாள்... பதினேழு நிமிசம். எவ்வளவு மிதிச்சாலும் ஆஸ்பத்திரிக்கு முதல் மூச்சு நிண்டு போகுதடா. ஒவ்வொரு நாளும் என்ர பக்கத்தில நிண்டு போகுது. இண்டைக்கு அவள் வரவேயில்லை. இருக்க இடமில்லாமல் ரோட்டில நிண்டிருப்பாள்...”

ஹலீம் அந்த நேரமே கராஜைத் திறந்தான். சீற்றை வைத்து நாலு ஆணியையும் பூட்டினான். மண் முடிச்சையும் கட்டினான்.

மறுநாள் இரவு ஹலீம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். பக்கத்தில் இரவு வேலைக்காரர் சந்தியோகு, ட்ரொலியோடு. நோயாளி ஒருவர் வருகிறார் என்று மட்டும் ஹலீம் அவரிடம் சொல்லியிருந்தான்.

பதினொன்று ஐம்பத்தைந்து. பாலத்துப் பக்கம் சைலன்சர் உறுமியது. அவன் சிரித்துக்கொண்டே பூட்டிய அதே சைலன்சர்.

ஐம்பத்தாறு. கார் வாசலில் வந்து கிறீச்சிட்டு நின்றது. ரயர் கருகிய மணம். அதற்கு மேலே... தைலம். மூடிய கண்ணாடிக்கு உள்ளே ஒரு சத்தம். ஈரத் துணியை மெதுவாகக் கிழிப்பது போல... ஒரு தரம்... இன்னொரு தரம்... நிற்கவில்லை.

ஹலீம் கதவைத் திறந்தான்.

யாருமில்லை. சீற் இரண்டு பல்லுச் சாய்ந்திருந்தது. தொட்டான். சூடு.

பின்னால் சந்தியோகு ட்ரொலியைத் திருப்பிக்கொண்டிருந்தார். “அந்தப் பொம்பிளைப் பிள்ளை தானா இறங்கி உள்ள போயிட்டுதே. ட்ரொலி வேண்டாமாம். அவரை வீட்ட போய்ப் படுக்கச் சொல்லட்டாம்.”

வார்ட் வார்டாகத் தேடினார்கள். அப்படி ஒருத்தியும் இல்லை. றெனால்ட் ஸ்டியரிங்கில் தலையை வைத்து, விடியும் வரை சிரித்தானா அழுதானா என்று ஹலீமுக்கு இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை.

வருவாளா, சொல்லுங்கள்? சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டாள். ஒவ்வொரு இரவும் கிடைத்துக்கொண்டிருந்த அந்தப் பதினேழு நிமிடமும் றெனால்டுக்கு இல்லாமல் போயிற்று. ஒரு மாதம் வெறும் சீற்றோடு ஓடிப் பார்த்தான். பிறகு கராஜுக்கு வந்தான்.

“இந்தப் பெல்ற்றைக் கழட்டு. வெடிச்சது ஒண்டு போடு.”

“விசரா உனக்கு?”

“அவள் அங்க சுகமாத்தான் இருப்பாள். எனக்குத்தான்டா ஏலாமக் கிடக்கு. பதினேழு நிமிசம் போதும் எனக்கு.”

“போன முறை நீ சொன்னதுக்குச் சிரிச்சன். இந்த முறை சிரிக்க மாட்டன், மச்சான்.”

“போடு எண்டு சொல்லுறன்.”

ஹலீம் போட்டான். ஆனால் அவன் போட்டது பெட்டி உடைக்காத புதுப் பெல்ற். பழைய ஒயிலைத் தடவி, பழசு மாதிரிக் காட்டிவிட்டுப் பூட்டினான். றெனால்ட் கையால் தடவிப் பார்த்துத் தலையாட்டினான். அன்றிரவு பத்து மணிக்குப் புறப்பட்டுப் போனான்.

காலையில் போன் வந்தது. இலுப்பைக்கடவை ரோட்டில் கார் தனியே நிற்கிறதாம்.

ஹலீம் வண்டியெடுத்து ஓடினான். அதே இடம். திறப்புச் சாவி அதிலேயே தொங்கியது. றெனால்டைக் காணவில்லை. இன்ஜின் மூடியைக் கழற்றினான். புதுப் பெல்ற்... கத்தியால் வெட்டியது போல் இரண்டு துண்டு. காருக்குள் தைலம் மணத்தது. முன் இடப்பக்கச் சீற் நிமிர்ந்து நின்றது. சாய்ந்திருந்தது சாரதி சீற். இரண்டு பல்லு.

பொலிஸும் ஊராரும் பற்றைக்காட்டையும் கடற்கரையையும் சல்லடை போட்டார்கள். அன்றைக்கும் கிடைக்கவில்லை, இன்றைக்கு வரை கிடைக்கவில்லை.

அன்று காலை திரும்பி வரும் வழியில், யாராவது கொண்டுவந்து சேர்த்திருப்பார்களோ என்ற ஒரு நப்பாசையில் ஹலீம் ஆஸ்பத்திரிக்குள் போனான். இரவு வேலை முடிந்து சந்தியோகு சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார். றெனால்டை யாராவது கொண்டுவந்தார்களா என்று ஹலீம் கேட்டான்.

“அவர் வரேல்லைத் தம்பி,” என்றார். “அண்டைக்கு வந்த அந்தப் பிள்ளைதான் ராத்திரி அவசரமா வெளியில போனது. பதினொண்டு நாப்பது இருக்கும். இந்த நேரத்தில தனிய எங்க போறாய் பிள்ளை எண்டு கேட்டன்...”

சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்.

“கார் நிண்டு போச்சாம். அவர் தனிய நிக்கிறாராம்.”