இடது பக்கத்து நாற்காலி

மந்திரவாதியாக விளையாட உட்காருகிறவனுக்கு முதல் தலைவலி, எந்த மாதிரி மந்திரவாதி என்பதுதான். நீங்கள் கேட்டது ஒரு கண் பரிசோதனைப் படிவத்தைப் பற்றி, மறக்கவில்லை ஐயா. அதற்கு வருகிறேன். இங்கிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

நாங்கள் நாலு பேர். ஞாயிறு மதியம் என் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கூடுவோம். ஆளுக்கு ஒரு வேடம் எடுத்துக்கொண்டு, ஒரு கதைக்குள் இறங்கி, பகடை உருட்டி விளையாடுவது. கதையை நடத்துகிறவர் ஒரு தையல்காரர். எங்களுக்கு அவர் கதைக்காரர். குகை, கோட்டை எல்லாவற்றையும் லைனிங் துணியில் சாக்பீஸால் வரைந்து, சுருட்டி முதுகில் கட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். மற்ற இரண்டு பேர் என் தங்கையும் அவள் கணவரும். மச்சான் டவுன் பஸ் ஓட்டுகிறார்.

புதையலுக்கு எப்போதும் மச்சான்தான் காவல். திருடப்போவது நானும் தங்கையும். ஒளிந்து நடப்பதைப் பகடையில் விட்டால் எங்களுக்குள் அடிதடி ஆகிவிடும் என்று கதைக்காரர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒளிந்து போகிறவன் துணி மேல் நிற்கும் தன் வேடத்துப் பொம்மையைக் கையால்தான் நகர்த்த வேண்டும். காவல்காரர் கண்ணில் பட்டால் அவர் "பார்த்தேன்" என்பார், மாட்டினோம். அவர் சொல்லாவிட்டால் போனது போனதுதான். பார்த்தவர் சொல்லியே ஆக வேண்டும். சொந்தக்காரன் என்று பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பது எங்கள் மேசையில் பெரிய கேவலம்.

ஆறு வருஷம் ஐயா. ஆறு வருஷமும் மச்சான் என்னை விட்டுவைக்கவில்லை. "மச்சான், உங்க கை கிளம்புறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடுது" என்பார். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும். விளையாட்டுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாசத்துக்கு முன்னால் மச்சான் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் படிவத்தோடு கடைக்கு வந்தார். எழுத்துகளைக் கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். பிறகு பக்கப் பார்வைச் சோதனை. ஒரு கிண்ணத்துக்குள் நேராகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரத்தில் சின்ன வெளிச்சம் மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வலது பக்கம் சரியாக அழுத்தினார். இடது பக்கம் வெளிச்சம் வந்து வந்து போனது. மனுஷர் சிவனே என்று உட்கார்ந்திருந்தார். மறுபடி வைத்துப் பார்த்தேன். அதேதான்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. நடுப்பார்வை கடைசி வரை பளிச்சென்று இருப்பதால் ஆளுக்கே தெரியாது. போனது திரும்பாது, சொட்டு மருந்து போட ஆரம்பித்தால் மிச்சமாவது நிற்கும். சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, "என்ன மச்சான், கழுகுக் கண்ணு இல்ல?" என்றார்.

பக்கப் பார்வை என்ற இடத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் புதுக் கதை தொடங்கியது. ஆளுக்கு ஆள் வேடம் தேர்ந்தெடுக்க வேண்டும். தீ மந்திரவாதி நல்ல வலு, ஆனால் முதல் உருண்டையை வீசியதுமே ஊருக்கே தெரிந்துவிடும். மாயத்தோற்றக்காரன் பேசிப் பேசியே ஒப்பேற்ற வேண்டும். எனக்கு வாய் போதாது. நிழல் மந்திரவாதிக்கு உயிர் கம்மி, மந்திரமும் கைவிரலுக்குள் அடங்கும். ஆனால் ஒரு நிழலில் நுழைந்து இன்னொரு நிழலில் எழுந்திருப்பான். தன் நிழலையே நாயாக ஏவுவான். ஒரே நிபந்தனை, யாரும் அவனைப் பார்த்துவிடக் கூடாது.

நிழல் என்றதும் மேசையே சிரித்தது. கதைக்காரருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "இவர்கிட்டப் போய் நிழலா? தீ எடுத்துக்கங்க. ரெண்டு வாரமாவது உயிரோட இருப்பீங்க" என்றார். பரவாயில்லை என்று சொல்லி, ஜன்னல் வெயில் கூசுகிறது என்று நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டேன். மச்சானுக்கு இடது பக்கம்.

அன்றைக்கு என் பொம்மை மேசை ஓரமாகவே மூன்று அறை தாண்டிப் போய்க் கிரீடத்தை எடுத்துக்கொண்டு வந்தது. மச்சான் அசந்துபோனார். "எப்படி மச்சான்?" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? வீடு போய்ச் சேரும்வரை தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

பதினொரு வாரம் ஜெயித்தேன். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். சொன்னால் அவர் வேலை போகும், தங்கை குடும்பம் திண்டாடும் என்ற யோசனையும் இருந்தது. நல்ல யோசனைதான். நாலாவது வாரத்தில் தோன்றியது.

எட்டாவது வாரம் தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணா, இவரு இப்பல்லாம் கதவு நிலையில தோளை இடிச்சுக்கறாரு. போன வாரம் பஸ் கண்ணாடியக்கூட ஒரு கம்பத்துல உரசிட்டாரு. கண்ணை இன்னொரு தடவ பாரேன்."

"அதான் பாத்தாச்சேம்மா. நல்லாத்தான் இருக்கு. தூக்கம் பத்தலையோ என்னமோ" என்றேன்.

அவளுக்கு முகம் தெளிந்துவிட்டது. நான் சொன்னால் அப்படியே நம்புவாள், சின்ன வயசிலிருந்தே.

பன்னிரண்டாவது ஞாயிறு கடைசி ஆட்டம். மச்சான் அன்று காலை ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வருவதாக ஏற்பாடு. கடைசி நடையில், கடைக்கு ரெண்டு தெரு தள்ளி அவர் பஸ்ஸை இடது பக்கம் திருப்பியபோது, அதே பக்கம் கதைக்காரர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார், முதுகில் துணிச் சுருளோடு. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மச்சான் நடைபாதையில் உட்கார்ந்து, "யாருமே இல்ல மச்சான், சத்தியமா யாருமே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் அவரைக் குடிகாரன் என்றது. நீங்களும் பொய் சொல்கிறார் என்றுதான் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

அவர் பொய் சொல்லவில்லை ஐயா. அவரைப் பொறுத்தவரை அங்கே யாருமே இல்லை.

துணியை யாரோ என் கையில் கொடுத்தார்கள். பின்னறையில் விரித்துப் பார்த்தேன். அருமையான கோட்டை. இடது ஓரமாக எனக்கென்று ஒரு ரகசிய வழி வரைந்து, பக்கத்தில் சின்னதாக ஒரு நிழல் நாயும் போட்டிருந்தார். நல்ல மனுஷர்.

சரி, படிவத்துக்கு வருகிறேன். எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து என்னுடையது. இடது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது எனக்கு அன்றே தெரியும். தெரிந்துதான் 'சரி' என்று எழுதினேன், தெரிந்துதான் நிழலைத் தேர்ந்தெடுத்தேன், தெரிந்துதான் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். எங்கள் மேசைச் சட்டப்படி சொல்வதானால், பார்த்தேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். இதை ஒப்புக்கொண்டுவிட்டதால், அந்தப் பதினொரு வாரம் நான் ஜெயித்தது செல்லாது என்று ஆகிவிடாதே?