செண்பகவல்லிக்கு ரெண்டு நம்பர்

அடுத்த மாசத்துல இருந்து கர்ப்பிணிப் பொண்ணுங்க அட்டைக்கு எல்லா நம்பரும் ஒரே இடத்துல இருந்துதான் வரும்னு சொன்னதும், பின்வரிசை நர்ஸம்மாக்கள்கிட்ட ஒரு முணுமுணுப்பு... கேட்டுச்சு, கேட்டுச்சு! கோவிச்சுக்கல. முப்பது வருஷம் சுகாதார ஆபீசுல இருந்த ஆளு நான். "அவங்கவங்க ஊருக்கு அவங்கவங்க நம்பர்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்! அதனால, ஒரு குட்டிக் கதைக்குக் கொஞ்சம் காது குடுங்க.

செண்பகவல்லின்னு ஒரு பொண்ணு. வாக்கப்பட்டது கரிசக்காட்டு ஊர்ல. முழுகாம இருக்கா. அந்த ஊர் நர்ஸ் ஜெபமணி ரத்தம் எடுத்துப் பார்த்தா... நெகட்டிவ்! லேசுல கிடைக்காத வகை. ஜெபமணி என்ன செஞ்சாங்க? அட்டையில சிவப்பு மையில எழுதுனாங்க. அதே ரத்தம் உள்ள ரெண்டு பேரைத் தேடிப் பிடிச்சு, "கூப்பிட்டா வரணும்"னு பேசி வச்சாங்க. ஒருத்தர் வாத்தியார், ஒருத்தர் மினி பஸ் டிரைவர். அட்டைக்கு ஒரு நம்பர், இருபத்தேழு.

ஏழாம் மாசம் வளைகாப்பு. தலைப்பிரசவம் எங்கய்யா? சத்தமாச் சொல்லுங்க... ஆத்தா வீட்டுல! வளையலைக் குலுக்கிக்கிட்டு பஸ் ஏறிப் போயிட்டா.

அங்க நர்ஸ் லூர்தம்மா. ஒம்போதாம் மாசந்தான் செண்பகவல்லி அவங்ககிட்டப் போயி அட்டையை நீட்டுனா. "இது அந்த ஊர் நம்பரு தாயி. எங்க கம்ப்யூட்டர்ல இருபத்தேழு வேற ஒருத்தி. நீ உள்ள வச்சுக்க."

பிரிச்சுக்கூடப் பார்க்கல! புது அட்டை, புது நம்பர், நூத்திப் பன்னெண்டு. புருஷன் இனிஷியல் போயி அப்பன் இனிஷியல் வந்துருச்சு. ரத்தம் என்ன வகை? "அடுத்த வாரம் எடுக்கலாம், வா."

கவனிங்க... பொண்ணு ஒருத்தி. ரெஜிஸ்டர்ல ரெண்டு பேரு! ஒருத்திக்குச் சிவப்பு மை. இன்னொருத்திக்கு வெறும் கட்டம்.

அடுத்த வாரத்துக்கு முந்தியே வலி வந்துருச்சு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க. பிள்ளை பிறந்துருச்சு... ஆனா ரத்தம் நிக்கல. சோதிச்சுப் பார்த்துட்டு டாக்டரம்மா கத்துறாங்க. "நெகட்டிவ்! இங்க ஒரு பாட்டில் கிடையாது. முன்னாடியே சொல்லக் கூடாதா?"

சிவப்பு மை அட்டை வீட்டுப் பெட்டிக்குள்ள கிடக்கு; ஆத்தாக்காரி அழுவுறா. "எங்களுக்கு என்ன சாமி தெரியும்!"

அதே நேரம் ஜெபமணி, செண்பகவல்லியோட மாமியார் வீட்டு வாசல்ல நிக்கிறாங்க. "எம்மா, உங்க மருமகளை ரெண்டு மாசமாக் காணோமே, எங்க?"

"அவ ஆத்தா வீட்டுல. இப்பத்தான் போன் வந்துச்சு, பெரியாஸ்பத்திரியில இருக்காளாம்."

ஜெபமணி நின்னாங்களா? வாத்தியாரை வகுப்புல இருந்து இழுத்து, டிரைவரை மினி பஸ்சோட மடக்கி... பயணிகளோட போயிட்டாங்கய்யா ஆஸ்பத்திரிக்கு! பயணி ஒருத்தரும் முணுமுணுக்கல. பொண்ணு பிழைச்சா. தாயும் சுகம், பிள்ளையும் சுகம். நினைச்சா இப்பவும் மனசு நிறைஞ்சு போகுது.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. ரெண்டு நர்ஸும் பிரசவத்தை எழுதிட்டாங்க. காகிதத்துல ரெண்டு பிள்ளை! "ரெண்டாவது பிள்ளைக்கு ஏன் தடுப்பூசி போட வரல?"ன்னு வீட்டுக்குக் கடுதாசி. புருஷங்காரன் ஆபீசுக்கே வந்துட்டான். "ஐயா... எனக்குத் தெரியாம எனக்கு இன்னொரு பிள்ளையா?" அவனுக்குப் பதில் சொன்னது யாரு? நான்தான். தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னேன்.

இப்பச் சொல்லுங்க. லூர்தம்மா கெட்டவங்களா? கிடையவே கிடையாது! ஊருக்கு ஒரு நம்பர்னு நான் போட்ட உத்தரவுப்படி நடந்தாங்க. தப்பு என் கையெழுத்துல இருந்துச்சு. அன்னைக்கு ஓடுறதுக்கு ஒரு ஜெபமணி இருந்தாங்க. இல்லாத ஊர்ல?

நர்ஸம்மாக்களே, உங்க வேலையை யாரும் பிடுங்கல. நம்பரை ஒரே இடம் குடுக்கட்டும். அது பொண்ணோட புகுந்த வீட்டுக்கும் போகட்டும், பிறந்த வீட்டுக்கும் வரட்டும். வளையல் போட்ட பொண்ணு பஸ்ஸை விட்டு இறங்குறதுக்குள்ள, அவ உடம்புல ஓடுற ரத்தம் என்னன்னு அந்த ஊர் நர்ஸுக்குத் தெரிஞ்சிருக்கணும். வேணுமா... வேணாமா?