தமிழில் போட்ட பதிவு

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவன். மவுண்ட் ஆல்பர்ட்டில் ரயில் ஏறிய தமிழ்ச் சகோதரிகள் இருவர் என் எதிரே அமர்ந்தார்கள். மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையினர் என்பது பேச்சில் தெரிந்தது.

"அக்கா, பரலோகத் தாயிட்டையும் ஜெபிக்கலாம் எண்டு இன்டர்நெட்டில எங்கட பொம்பிளையள் குழுவில எழுதினன். பிஷப் விளக்கம் கேட்டுக் கூப்பிட்டிருக்கிறார். சபைப் பிள்ளையளுக்கு இனிப் படிப்பிக்க விடமாட்டினம் போல."

"உனக்குப் பரலோகத்தில அப்பா ஒருத்தர் போதாதோ? எங்கட சபையில அவரிட்டை மட்டும்தானே ஜெபிக்க வேணும். ஆரோ பிஷப்பிட்டைச் சொல்லிப்போட்டினம்."

"ஓம். ஆனா நான் தமிழிலதான் எழுதினனான். அந்தக் குழுவில தமிழ் வாசிக்கிறது நீங்களும் நானும் மட்டும்தான்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினார். "உன்ர நன்மைக்குத்தான்" என்றார்.

தங்கை எழுந்து வேறு இருக்கைக்குப் போனாள்.

எழுதிய நாள்: 14 ஜூலை 2024