தொரட்டி நுழையாத ஆற்றுப்பாதை

இந்த மாலைக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் ஐயா காளிச்சாமி அவர்களே, ஆற்றங்கரையில் அன்றாடம் எனக்கு முன்னே நடந்து என்னை நாணவைக்கும் மூத்தவர்களே, மாந்தோப்பில் பகலெல்லாம் நின்றுவிட்டு இங்கே மணலில் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சற்றே செவிசாய்க்கும் தம்பிமாரே, மோகனசுந்தரம் உங்களை வணங்கிப் பேசுகிறேன்.

பின்வரிசையில் "சத்தமாப் பேசுங்க" என்கிறார்கள். தம்பி, சத்தத்துக்குத் தெம்பில்லை. மைக்கைக் கிட்டே இழுத்துக்கொள்கிறேன்.

பாலத்தில் பிறந்து தடுப்பணையில் முடியும் நான்கு கிலோமீட்டர் பாதை. நடப்பவருக்குப் பாதி, சைக்கிள் மிதிப்பவருக்குப் பாதி. திறந்து இன்றோடு ஓராண்டு. 'பாதைக் குழுச் செயலாளர் பாராட்டுரை' என்று நோட்டீஸில் போட்டுவிட்டீர்கள். எதைப் பாராட்ட? வழவழப்பான தளத்தையா? வரிசையான விளக்கையா? வாசலில் நான் வைக்கச் சொன்ன கம்பியையா?

ஆம், அந்தக் கம்பி என்னுடையது. மோட்டார் சைக்கிள்கள் சீறி வந்தன, முதியவர்கள் மிரண்டு ஒதுங்கினார்கள். பஞ்சாயத்து ஆபீஸுக்கு ஐந்து முறை நடந்து, வளைந்து நுழைகிற கம்பித் தடுப்பை இரு முனையிலும் வாங்கி வந்தவன் நான். ஆள் நுழையலாம், சைக்கிளைத் திருப்பித் திருப்பி நுழைக்கலாம், மோட்டார் வண்டி நுழையாது. கைதட்டினீர்கள். காது குளிரக் கேட்டேன்.

அன்பர்களே, அந்தப் பாதையை நான் முழுதாக நடந்ததே நேற்றுக் காலையில்தான். அரசமரம் வரை போய்த் திரும்பிவிடுவதே என் வழக்கம். நேற்று அதைத் தாண்டினேன். கரும்பாறை கண்டேன், கொக்குக் கூட்டம் கண்டேன். தடுப்பணை முனையில், என் கம்பிக்கு அந்தப் பக்கம், மாங்காய் பறிக்கும் குப்பண்ணனின் மனைவி மருதாத்தாளையும் கண்டேன்.

"உள்ளே வாம்மா" என்றேன்.

"நான் வந்துருவனுங்க. இது வராதுங்களே."

சைக்கிள் பாரோடு சேர்த்துக் கட்டிய பதினைந்தடி மூங்கில் தொரட்டி, முனையில் மாங்காய் விழ ஒரு வலை. நம் முதலமடைப் பக்கத்தில் மாங்காய் பறிப்பவர் தோப்புக்குப் போகும் கோலம் அதுதானே? அந்த நீளம் என் வளைவில் திரும்புமா? தோப்புக்காரனாகிய எனக்கு அது தெரியாதா? தெரியும். நினைக்கவில்லை.

"குப்பண்ணன் வரலையா?"

"போன வாரம் ரோட்டுல லாரி தொரட்டிய இழுத்துப் போட்டுருச்சுங்க. வலது கை முறிஞ்சுபோச்சு. சீசன் முடியற வரைக்கும் நான்தானுங்க போகோணும்."

"முன்னெல்லாம் எந்த வழியாப் போவீங்க?"

"இதே வழிதானுங்க. நீங்க தளம் போடறதுக்கு முன்னால, எல்லாத் தொரட்டியும் இதுலதானுங்க போகும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லாரி ஓடும் ரோட்டுக்குப் போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

பொதுப்பாதை என்று பலகை வைத்தோம். பொது என்றால் யார்? பொழுது போக்க நடப்பவர் மட்டுமா? பிழைப்புக்கு நடப்பவர் இல்லையா? காலால் இந்தக் கரையைக் கண்டுபிடித்தவர்களைக் கம்பி வைத்து வெளியே நிறுத்திவிட்டுக் கொண்டாட்டமா?

தலைவர் ஐயா சீட்டு அனுப்புகிறார். கம்பியை எடுத்தால் மோட்டார் சைக்கிள் மறுபடி வருமே என்று. வரும் ஐயா. எனக்கும் பயம்தான். வந்தால் வாசலில் நாம் முறைவைத்து நின்று மறிக்கலாம். மருதாத்தாள் லாரியை மறிப்பாளா?

இன்று மதியம் ஆறாவது முறையாகப் பஞ்சாயத்து ஆபீஸுக்கு நடந்தேன். அடுத்த மாதக் கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். அதற்குள் மாங்காய் முடிந்துவிடும். எத்தனை கை முறியுமோ, கையோடு நிற்குமோ, உயிரே போகுமோ, யார் கண்டது?

ஆகவே நாளைக் காலை ஐந்தரைக்குத் தடுப்பணை முனையில் ஸ்பேனரோடு நிற்பேன், அதை முடித்துப் பாலத்து முனைக்கும் வருவேன். வழக்கு வந்தால் என் பெயருக்கு வரட்டும். கேட்டு வாங்கியவன் நான், கழற்றுகிறவனும் நானே.

இதுவரை பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. பொன்னாடை எடுத்து வருகிறார்கள், வேண்டாம் அம்மா, மடித்து வையுங்கள். நட்டெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது, என் கையில் பலமும் இல்லை. யாராவது இரண்டு பேர் வாருங்கள். வணக்கம்.