பதிவு இல்லாதவள்

சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு என் போர்டைக் கழற்றினார்கள். ஏணி நான்தான் கொடுத்தேன். சுகாதாரத் துறையிலிருந்து வந்த இருவருக்கும் மோர் கொடுத்தேன்.

மரியாதையான மனிதர்கள். மூத்தவர் சொன்னார்: "படிப்பெல்லாம் சரிதாங்கம்மா. கவுன்சில் பதிவு வரணும்ல. அதுவரைக்கும் இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. சும்மா சொன்னாலும் தப்புத்தான்."

போர்டில் 'அன்புமொழி, உணவியல் நிபுணர்' என்று இருந்தது. முதுகலை படித்தவள். புதுக்கோட்டையில் பதினாறு வருடம் சர்க்கரை நோயாளிகளுக்கும் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் உணவு முறை சொல்லியிருக்கிறேன். பதிவுக்கு விண்ணப்பித்திருந்தேன். நான் பயிற்சி எடுத்த கல்லூரியை மூடிவிட்டதால் ஒரு சான்றிதழ் கிடைக்காமல் அது நின்றுபோயிருந்தது. யாரும் கேட்காதவரை அதனால் தொந்தரவு இல்லை.

கேட்க வைத்தவர் சரவணக்குமார். எதிர்ச் சாரியில் எடை குறைக்கும் பவுடர் விற்பவர். அவருக்குப் பதிவு தேவையில்லை. அவர் செய்வது வியாபாரம். என்னிடம் வருகிறவர்கள் பவுடரை நிறுத்திவிடுகிறார்கள் என்பது அவர் குறை. புகார் எழுதிக் கொடுத்தார். போர்டு இறங்கியபோது கடை வாசலில் நின்று, "போர்டுக்கே டயட்டு போட்டாச்சுடா, ஒரேயடியா எளைச்சுப் போச்சு" என்றார். கடைப் பையன்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை.

சாயங்காலம் அவர் மனைவி மணிமேகலை பின்வாசல் வழியாக வந்தாள். "அவர் பண்ணுனதுக்கு நான் மன்னிப்புக் கேக்குறேங்க்கா. மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். வைத்துக்கொள்ளவில்லை என்றேன். நல்ல பெண். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

அதன் பிறகு நான் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சர்க்கரை நோய் இருந்தால் பாயசம் சாப்பிடலாமா என்று கேட்டார். நான் சாப்பாட்டைத் தொடர்ந்தேன்.

மாசியில் மணிமேகலைக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டதாகத் தெரிந்தது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். பவுடரால் என்று நான் சொல்லமாட்டேன். சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

சரவணக்குமார் வந்தார். உட்காரச் சொன்னேன்.

"தண்ணியக் குறைங்கன்னாங்கக்கா, உப்பக் குறைங்கன்னாங்க. மிச்சத்த இங்கிலீஷ்ல சொன்னாங்க, பிடிபடல. இவ தாகம் தாகம்ங்குறா. என்ன குடுக்கலாம், எது ஆகாது? ஒங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்."

"நான் சொல்லக் கூடாதுங்க. நீங்கதான எழுதிக் குடுத்தீங்க."

அவர் தலை குனிந்தபடி எழுந்து போனார். அதில் எனக்கு நிறைவு கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை.

நான் சொல்லாமல் விட்டது இதுதான். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களின் ரத்தத்தில் பொட்டாசியம் தேங்கும். டயாலிசிஸ்தான் அதை வெளியேற்றும். அளவு மீறினால் இதயம் நின்றுவிடும். இளநீரில் அது நிறைய இருக்கிறது. நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் இளநீர்தான் வாங்கிப் போவார்கள். அதனால் சிறுநீரக நோயாளி யார் வந்தாலும் முதல் நாளே நான் சொல்வது, இளநீர் கூடாது.

வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவில்தான் இடைவெளி அதிகம். நான் திங்கட்கிழமை போனேன். பங்குனி வெயில். வழியில் ஒரு குலை இளநீர் வாங்கினேன். ஆலோசனை சொல்லத்தான் பதிவு வேண்டும். நோயாளியைப் பார்க்கப் போவதற்கு வேண்டியதில்லை.

சரவணக்குமாருக்குக் கண் கலங்கியது. "நீங்களே வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றார். வேறு எதையும் கேட்கவில்லை. நான் கொண்டுவந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். என் படிப்பை அவர் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். அரிவாளை எடுத்து அவரே சீவினார். அவரே அவள் வாயில் பிடித்தார்.

"தண்ணியத்தான குறைக்கச் சொன்னாங்க. இது அந்தக் கணக்குல வராதுல்லக்கா?" என்று மணிமேகலை சிரித்தாள். நான் அசையாமல் இருந்தேன். தலையை ஆட்டியிருந்தால் அது ஆலோசனை ஆகியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் அவள் இறந்துபோனாள்.

கொல்லத்தான் போனீர்களா என்று கேட்கிறீர்கள். ஆமாம். அவள் சாக வேண்டும், அதுவும் அவர் கையால் சாக வேண்டும் என்றுதான் போனேன். அவளிடம் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் வாக்குமூலத்தில் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். நான் விதியை மீறவில்லை. அந்த வீட்டில் இருந்த நேரம் முழுக்க உணவைப் பற்றி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. மூன்றாவது இளநீரை முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, அவள் புருஷனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்:

"இன்னொன்னு குடிக்கலாமாக்கா?"