கிணற்றில் நீந்தக் கூடாதாம்

யுத்த காலம். வண்டியூர் போகும் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில், பஞ்சாலை வேலை முடிந்த இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“கிணத்துல நீந்தக் கூடாதாம் மதினி,” என்றாள் இளையவள். “இருமுதுன்னு மில்லு டாக்டருகிட்ட போனேன். நீச்சல்தான் நெஞ்சைக் கெடுக்குதாம்.”

“நீ சின்னப்புள்ளையிலருந்து நீந்துறவளாச்சே?”

“அப்பெல்லாம் ஏது இருமல்? மில்லுக்கு வந்த பெறகுதான். மூச்சைப் பிடின்னாரு, பிடிச்சேன். ‘போதும், விடும்மா’ன்னு அவரே பயந்துட்டாரு. ‘அம்புட்டு மூச்சும் அந்தக் கிணறு குடுத்ததுய்யா’ன்னேன். காதுல வாங்கலை. நீந்தாதேன்னு சீட்டுல எழுதிட்டாரு.”

“நீ சும்மாவா வந்த?”

“மில்லுல பறக்குற பஞ்சையும் எழுதுங்கன்னேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு.”

சீட்டை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள்.

“எறங்குனதும் நேரே கிணத்துக்குத்தான் போறேன்.”