வடக்கே தலைவைத்த கட்டில்

வந்தவாசி பஸ் ஆரணியைத் தாண்டியதும் கண் அசந்தேன். முன் சீட்டில் ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எழுப்பிவிட்டது.

“ஜெர்மனியில என் பையனுக்கு கட்டில், மேஜையோட வாடகை வீடு கிடைச்சிதுக்கா. ஆனா கட்டில் வடக்கால தல வெச்சிகினு இருக்குது.”

“திருப்பிப் போடச் சொல்லேன்.”

“எதையும் நகத்தக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. அதான் கால் பக்கம் தலகாணிய வெச்சி படுடான்னேன்.”

“நல்லதுதானே?”

“இன்னா நல்லது? வீட்டுக்கார அம்மா பாத்துட்டு, பாவம், புள்ளைக்கு கட்டில்ல படுக்கத் தெரியலன்னு, எப்படிப் படுக்கணும்னு படம் போட்டு சுவத்துல ஒட்டிட்டுப் போச்சாம்.”

“அய்யோ! இப்ப?”

“அந்தம்மா வந்தா தலகாணி வடக்கால. நான் வீடியோ கால்ல வந்தா தெக்கால. புள்ள எப்பதான் தூங்குதோ!”